தோல்வி தெரிந்தும் ஹிலாரி ஏன் விலகவில்லை? 2008 பிரைமரி பற்றி ஒரு விவாதம்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

2008 ஜனநாயகக் கட்சிப் பிரைமரியை, அதாவது ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடந்த உட்கட்சித் தேர்தலைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒபாமா பிப்ரவரியிலேயே ஜெயித்துவிட்டார், அதற்குப் பிறகும் ஹிலாரி ஒற்றைக்காலில் நின்று கட்சியை அலைக்கழித்தார், அவ்வளவுதான் என்று. நான் இதை ஏற்கவில்லை. களத்தில் நிற்க அவர் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் சில உளுத்துப்போனவை, ஒன்றிரண்டு மிகவும் வலுவானவை. அந்த வலுவானவற்றை மட்டும் வைத்துக்கொண்டாலே, கடைசிப் பிரைமரி நடந்த ஜூன் 3 வரை அவர் நின்றது நியாயம் என்பது என் வாதம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 3 அயோவாவில் ஹிலாரிக்கு மூன்றாம் இடம். ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயரில் கருத்துக்கணிப்புகளைப் பொய்யாக்கி ஜெயித்தார். பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போட்ட பிப்ரவரி 5 சூப்பர் செவ்வாயில் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் எல்லாம் அவருக்கு. ஆனால் சின்ன மாநிலங்களை ஒபாமா அள்ளிக்கொண்டு போனார். பிறகு பிப்ரவரி 9 முதல் 19 வரை நடந்த எல்லாப் போட்டியிலும் ஒபாமாவே ஜெயித்தார். லூசியானா, நெப்ராஸ்கா, மேய்ன், வர்ஜீனியா, மேரிலாந்து, விஸ்கான்சின் என்று வரிசையாக. ஹிலாரி பின்தங்கியது இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில்தான்.

அதற்கு அப்புறம் என்ன நடந்தது? ஹிலாரி ஜெயித்த இடங்களைப் பாருங்கள். மார்ச் 4-ல் ஒஹாயோ, டெக்சாஸ் பிரைமரி, ரோட் ஐலண்ட். ஏப்ரல் 22-ல் பென்சில்வேனியா, ஏறக்குறைய 55க்கு 45. மே 13-ல் மேற்கு வர்ஜீனியா, 67க்கு 26. மே 20-ல் கென்டக்கி, 65க்கு 30. தோற்றுவிட்டார் என்று டிவியில் தினமும் சொல்லப்பட்ட ஒருவருக்கு மக்கள் இப்படி ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

செனட்டர் பேட்ரிக் லேஹி அவரை வெளிப்படையாக விலகச் சொன்னது மார்ச் 28-ல். அன்றைக்கு இன்னும் பத்துப் போட்டிகள் பாக்கி. பென்சில்வேனியாவும் வட கரோலினாவும் இண்டியானாவும் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. அந்த மாநிலத்துக்காரர்களிடம் "உங்கள் ஓட்டு தேவையில்லை, முடிந்துவிட்டது" என்று சொல்ல வெர்மான்ட் செனட்டருக்கு என்ன உரிமை? வெர்மான்ட் ஏற்கெனவே ஓட்டுப் போட்டு முடித்திருந்தது.

---

கணக்குப்பிள்ளை

வைகை சார், மதிப்போடு மறுக்கிறேன். நீங்கள் கொடுத்த சதவீதங்கள் எல்லாம் சரி. ஆனால் பிரைமரி சதவீதத்தில் ஓடுவதில்லை, கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளான டெலிகேட்களின் எண்ணிக்கையில் ஓடுகிறது.

ஜனநாயகக் கட்சியில் டெலிகேட்களை ஓட்டு விகிதத்தில் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். 15 சதவீதம் தாண்டிய எல்லோருக்கும் பங்கு உண்டு. அதிலும் பெரும்பகுதி நாடாளுமன்றத் தொகுதி வாரியாகப் பிரிகிறது. நான்கு டெலிகேட் உள்ள ஒரு தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் 60க்கு 40 என்று ஜெயித்தாலும் ஆளுக்கு இரண்டுதான். மூன்றாவதைப் பிடிக்க 62.5 சதவீதம் தேவை. ஆறு டெலிகேட் உள்ள தொகுதியில் நாலுக்கு ரெண்டு என்று வர 58 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அதாவது நன்றாக ஜெயித்தாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்த விதிகளின்கீழ் நூறு டெலிகேட்டுக்கு மேல் பின்தங்கினால், மிச்சமிருக்கும் மாநிலங்களில் எல்லாம் மிகப் பெரிய வெற்றி பெற்றால்தான் எட்டிப்பிடிக்கலாம். ஒபாமாவுக்குச் செல்வாக்குள்ள வட கரோலினா, ஓரிகன் மாதிரியான இடங்களில் அதற்கு வழியே இல்லை.

ஒரே ஒரு உதாரணம் போதும். சூப்பர் செவ்வாயன்று நியூ ஜெர்சியில் பத்து லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள், ஹிலாரி ஜெயித்தார், டெலிகேட் கணக்கில் அவருக்குக் கிடைத்த லாபம் 11. அதே நாளில் ஐடஹோ காகஸில், அதாவது ஆதரவாளர்கள் நேரில் கூடி முடிவு செய்யும் கூட்டத்தில், சுமார் 20,000 பேர்தான் கலந்துகொண்டார்கள். அங்கே 15க்கு 3 என்று ஒபாமாவுக்கு லாபம் 12. ஐடஹோவில் ஆபீஸ் திறந்து ஆள் போட்டது ஒபாமா தரப்பு. ஹிலாரி தரப்பு அதைப் பொருட்படுத்தவே இல்லை. விதி இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவர் அதைப் படித்து வேலை செய்தார், மற்றவர் பெரிய மாநிலம் போதும் என்று நினைத்தார்.

ஆகவே பிப்ரவரி 19 இரவே கதை முடிந்தது. அதற்குப் பிறகு நின்றதற்குக் காரணம் நம்பிக்கை இல்லை, எதிராளி தடுக்கி விழுவார் என்ற எதிர்பார்ப்பு.

---

சுகர்லேண்ட் மலர்

இந்தப் பேச்சில் டெக்சாஸ் வந்ததால் எழுதுகிறேன். 2008-ல் ஹூஸ்டன் பக்கம் இருந்தோம். எனக்குக் குடியுரிமை வந்து அதிக நாள் ஆகவில்லை. நான் ஒபாமா ஆதரவாளர், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டெக்சாஸில் அப்போது இரண்டு அடுக்கு. பகலில் சாதாரணமாக ஓட்டுப் போட வேண்டும். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அதே இடத்தில் காகஸ். பகலில் ஓட்டுப் போட்டவர்கள் மட்டும்தான் ராத்திரி வரலாம். எங்கள் வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறை. நான் போனபோதே வரிசை கதவைத் தாண்டி வண்டி நிறுத்தும் இடம் வரை வந்துவிட்டது. பல வருஷமாக அந்தப் பகுதியில் காகஸுக்குப் பத்துப் பேர் வந்தாலே அதிகமாம், அன்றைக்கு நூற்றுக்கணக்கில் கூட்டம். கையெழுத்துப் படிவம் தீர்ந்துபோய் வெள்ளைத்தாளில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். பெயர், முகவரி, யாருக்கு ஆதரவு, மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாக்காளர் அட்டையில் பகலில் குத்திய கட்சி முத்திரையை ஒவ்வொருவரும் காட்ட வேண்டும். குழந்தைகள் அந்தச் சின்ன பெஞ்சுகளில் படுத்துத் தூங்கிவிட்டார்கள்.

எங்கள் தெருவில் நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு அம்மா இருந்தார். ஹிலாரிக்குப் பகலில் ஓட்டுப் போட்டுவிட்டு நைட் டியூட்டிக்குப் போய்விட்டார். அவர் ஓட்டு பாதிதான் எண்ணப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார முடிந்தவர்களுக்கு இரண்டு ஓட்டு, முடியாதவர்களுக்கு ஒன்று. கணக்குப்பிள்ளை தம்பி, விதியைப் படித்து வேலை செய்தார்கள் என்று நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்த விதி யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் ஒபாமா பக்கம் கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் ஹிலாரி பிப்ரவரியில் விலகியிருந்தால் எங்கள் ஊரில் அந்தக் கூட்டமே கூடியிருக்காது. டெக்சாஸில் எங்களை யாரும் மதித்து வந்து ஓட்டுக் கேட்டது அந்த ஒரு வருஷம்தான்.

---

கணக்குப்பிள்ளை

மலர் அக்கா, நேரில் பார்த்ததை எழுதியதற்கு நன்றி. முடிவையும் இங்கே பதிந்துவிடுகிறேன். பிரைமரி ஓட்டில் ஹிலாரி 51க்கு 47 என்று ஜெயித்தார். ஆனால் காகஸையும் சேர்த்தால் டெக்சாஸில் ஒபாமாவுக்கு 99 டெலிகேட், ஹிலாரிக்கு 94. "டெக்சாஸில் ஜெயித்தேன், அதனால் நிற்கிறேன்" என்று அவர் சொன்னது பாதி உண்மைதான்.

---

பொன்னி

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, ஒபாமாவாலும் பிரைமரி டெலிகேட்களை மட்டும் வைத்துப் பெரும்பான்மையைத் தொட முடியவில்லை. கடைசியில் தேவைப்பட்ட எண் 2,118. தேர்தலில் ஜெயித்த டெலிகேட்கள் அவருக்கு 1,800-க்குக் கீழேதான். மீதியைக் கொடுத்தது சூப்பர் டெலிகேட்கள், அதாவது எம்பிக்கள், கவர்னர்கள், கட்சி நிர்வாகிகள். அவர்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை, எந்த நேரத்திலும் மனம் மாறலாம். வருஷத் தொடக்கத்தில் அவர்களில் அதிகம் பேர் ஹிலாரி பக்கம் இருந்தார்கள். மே இரண்டாம் வாரத்தில்தான் ஒபாமா அந்த எண்ணிக்கையில் முந்தினார். இருவருமே கோட்டைத் தொடவில்லை, தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நிலையில் ஒருவர் மட்டும் எழுந்து போக வேண்டும் என்பது என்ன நியாயம்?

இரண்டு, பெண்கள். பிரசாரத்தின் கடைசி நாட்களில் ஒரு பேச்சில் ஹிலாரி தெற்கு டகோட்டா மூதாட்டி ஒருவரைப் பற்றிச் சொன்னார். பெண்களுக்கு ஓட்டுரிமை வருவதற்கு முன் பிறந்தவர். மரணப்படுக்கையில் இருந்தவரிடம் மகள் தபால் ஓட்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1920-ல். ஜனாதிபதி பதவிக்கு ஜெயிக்கும் வாய்ப்புள்ள ஒரு பெண்ணுக்கு ஓட்டுப் போட அந்தத் தலைமுறைப் பெண்களில் பலருக்கு அதுவே முதலும் கடைசியுமான வாய்ப்பு. மே மாதத்தில் அவர் விலகியிருந்தாலும் சீட்டில் பெயர் இருந்திருக்கும் என்று சொல்லாதீர்கள். போட்டியிலிருந்து போய்விட்டவருக்குப் போடும் ஓட்டும் போட்டியில் நிற்பவருக்குப் போடும் ஓட்டும் ஒன்றாகாது.

---

கொங்குநாடன்

பொன்னி அவர்களே, சூப்பர் டெலிகேட் வாதம் ஏற்கத்தக்கது. ஆனால் அவர்களை இழுக்க ஹிலாரி தரப்பு என்னென்ன சொன்னது என்பதை யாரும் இங்கே தொடவில்லையே.

மிச்சிகனை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகனும் ஃபுளோரிடாவும் கட்சி கொடுத்த தேதிக்கு முன்பே பிரைமரி நடத்தியதால் அவற்றின் டெலிகேட்கள் செல்லாது என்று தேசியக் குழு முன்கூட்டியே அறிவித்துவிட்டது. அங்கே பிரசாரம் செய்யமாட்டோம் என்று ஹிலாரி உட்பட எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒபாமா மிச்சிகன் சீட்டிலிருந்து தன் பெயரையே எடுத்துவிட்டார். 2007 அக்டோபரில் நியூ ஹாம்ப்ஷயர் வானொலியில் கேட்டபோது, மிச்சிகன் தேர்தல் எதற்கும் கணக்கில் வரப்போவதில்லை என்று சொன்னவர் ஹிலாரியேதான். அப்புறம் பின்தங்கியதும் அதே மிச்சிகன் ஓட்டை எண்ணு என்று கேட்டால்? எதிராளியின் பெயரே இல்லாத சீட்டில் அவருக்குக் கிடைத்தது 55 சதவீதம். 40 சதவீதம் பேர் "யாருக்கும் இல்லை" என்று குத்தியிருந்தார்கள்.

அதைவிட மோசம் மே 8-ல் வெளியான பேட்டி. உழைக்கும் வெள்ளைக்காரர்கள் ஒபாமாவை விட்டு விலகுகிறார்கள், என் பக்கம்தான் இருக்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். ஒரு கறுப்பின வேட்பாளர் முதல்முறையாகக் கிட்டத்தட்ட ஜெயித்து நிற்கும் நேரத்தில் அவருக்கு எதிராக இப்படி ஒரு காரணம்! மே 23-ல் தெற்கு டகோட்டா பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் குழுவிடம், பிரைமரி ஜூன் வரை நீள்வது வழக்கம்தான் என்று காட்ட 1968 பிரைமரியில் நின்ற ராபர்ட் கென்னடி ஜூனில் சுடப்பட்டதை நினைவுபடுத்தினார். அன்றே வருத்தம் தெரிவித்தார், சரி. ஆனால் ஒபாமாவுக்கு உயிர் மிரட்டல் இருந்து, வழக்கத்தைவிட முன்கூட்டியே ரகசியப் பாதுகாப்புப் படை கொடுக்கப்பட்ட வருஷம் அது. கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

நிற்கலாம். ஆனால் நிற்பதற்கு என்ன சொல்லி நிற்கிறோம் என்பதற்கு ஒரு எல்லை வேண்டாமா?

---

வைகைக்கரை

கொங்குநாடன், நீங்கள் எடுத்துவைத்த மூன்றையும் நான் உளுத்துப்போன காரணங்கள் பட்டியலில்தான் வைக்கிறேன். மே 8 பேட்டியை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

"மொத்த ஓட்டில் நான்தான் முன்னிலை" என்று அவர் சொல்லிவந்ததையும் இதோடு சேர்க்கலாம். இருவருக்கும் தலா ஒன்றேமுக்கால் கோடி அளவில் ஓட்டு, வித்தியாசம் மயிரிழை. அவர் முன்னிலை என்று வர வேண்டுமானால் மிச்சிகனைச் சேர்த்து, அங்கே ஒபாமாவுக்குச் சுழியம் போட வேண்டும். அயோவா, நெவாடா, மேய்ன், வாஷிங்டன் காகஸ்களில் தலை எண்ணிக்கையே வெளியிடப்படவில்லை. அவற்றையும் மதிப்பிட்டுச் சேர்த்தால் கணக்கு வேறு பக்கம் சாயும்.

ஃபுளோரிடா மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே எல்லோர் பெயரும் சீட்டில் இருந்தது, 17 லட்சம் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வந்து ஓட்டுப் போட்டார்கள். தேதியை மாற்றியது குடியரசுக் கட்சி கையில் இருந்த சட்டமன்றம். தண்டனை வாக்காளருக்கு. அந்த 17 லட்சம் பேருக்காக ஒருவர் வாதாடத்தான் வேண்டும். மே 31-ல் வாஷிங்டன் ஓட்டல் ஒன்றில் கட்சியின் விதிக்குழு நாள் முழுக்க உட்கார்ந்து, இரண்டு மாநிலத்துக்கும் டெலிகேட்டுக்கு அரை ஓட்டு என்று முடிவு செய்தது. ஹிலாரி பிப்ரவரியில் போயிருந்தால் அந்தக் கூட்டம் இவ்வளவு கவனத்தோடு நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

---

பழைய பேப்பர்

குடியரசுக் கட்சி வரலாறு படிப்பவன் என்ற முறையில் ஒரு முன்னுதாரணம். பின்தங்கியவர் நிற்கலாமா என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியாது.

1976. பதவியில் இருக்கும் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டை எதிர்த்து ரொனால்ட் ரீகன் நின்றார். நியூ ஹாம்ப்ஷயரில் நூலிழையில் தோல்வி. பிறகு மாசசூசெட்ஸ், வெர்மான்ட், ஃபுளோரிடா, இல்லினாய். வரிசையாக அடி. கையில் பணம் இல்லை, பிரசாரம் கடனில் ஓடியது. கட்சிப் பெரியவர்கள் விலகச் சொன்னார்கள். ரீகன் வட கரோலினாவுக்குப் போனார். செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸின் ஆட்கள் கைகொடுத்தார்கள். ரீகன் கேமராவைப் பார்த்து அரைமணி நேரம் பேசும் ஒரு நிகழ்ச்சியை அந்த மாநில டிவிகளில் ஓடவிட்டார்கள். பனாமா கால்வாயை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது முக்கியப் பேச்சு. மார்ச் 23-ல் ஜெயித்தார். மே 1-ல் டெக்சாஸின் 96 டெலிகேட்களையும் மொத்தமாக எடுத்தார். கான்சஸ் சிட்டி மாநாட்டில் 1,187க்கு 1,070 என்று ஃபோர்டிடம் தோற்றார்.

அந்தத் தோல்வியில் அவர் இழந்தது ஒன்றுமில்லை. நாலு வருஷம் கழித்துக் கட்சி அவர் கையில். மார்ச் நடுவில் விலகியிருந்தால் ஐந்து மாநிலத்தில் தோற்ற முன்னாள் கவர்னர் என்பதோடு அவர் அரசியல் முடிந்திருக்கலாம். பின்தங்கியவர் எப்போதும் இந்த வருஷப் பதவிக்காக மட்டும் ஓடுவதில்லை. தன் பக்கம் எத்தனை பேர் என்று கட்சிக்குக் காட்டவும் ஓடுகிறார்.

---

கணக்குப்பிள்ளை

பழைய பேப்பர் சார், அந்தக் கதையின் இன்னொரு பாதியையும் சொல்லுங்கள். 1976 நவம்பரில் ஃபோர்ட் கார்ட்டரிடம் தோற்றார், அதுவும் சிறிய வித்தியாசத்தில். ஆகஸ்ட் வரை சொந்தக் கட்சியோடு மல்லுக்கட்டியதற்கு அதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியுமா?

1980 இன்னும் தெளிவானது. பதவியில் இருந்த ஜனாதிபதி கார்ட்டரை எதிர்த்து எட்வர்ட் கென்னடி நின்றார். ஜூன் 3-ல் நடந்த எட்டுப் பிரைமரியில் கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி உட்பட ஐந்தை அவர் ஜெயித்தார். ஆனால் அதற்குள் கார்ட்டர் கையில் பெரும்பான்மை டெலிகேட் இருந்தது. அப்படியும் கென்னடி விடவில்லை. டெலிகேட்கள் ஓட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற விதியையே மாற்றச் சொல்லி ஆகஸ்டில் நியூயார்க் மாநாடு வரை இழுத்தார், அதில் தோற்றார். கடைசி நாள் மேடையில் கார்ட்டர் கையைப் பிடித்து உயர்த்தவும் அவருக்கு மனம் வரவில்லை. அதைத்தான் நாடே டிவியில் பார்த்தது. நவம்பரில் கார்ட்டருக்கு ஆறு மாநிலமும் தலைநகரும்தான் மிஞ்சின. பணவீக்கம், ஈரான் பணயக்கைதிகள் என்று வேறு காரணங்களும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்குள்ளேயே அடித்துக்கொண்ட கட்சிக்கு வெளியே போராடத் தெம்பு இருக்காது.

2008-ல் நானும் பலரும் பயந்தது இதற்காகத்தான்.

---

பொன்னி

அப்படியானால் கென்னடிக்கும் ஹிலாரிக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள். கென்னடி எல்லா ஓட்டும் போட்டு முடித்த பிறகு விதியை மாற்றப் பார்த்தார். ஹிலாரி கடைசி ஓட்டு ஜூன் 3-ல் விழுந்த நாலாம் நாள், ஜூன் 7-ல், நேஷனல் பில்டிங் மியூசியத்தில் பேசி முடித்துக்கொண்டார். ஒபாமாவுக்கு ஆதரவு என்று அங்கேயே சொன்னார். மிச்சிகன் டெலிகேட் பிரிப்பை மாநாட்டின் தகுதிக்குழு வரை கொண்டுபோகும் உரிமையை வைத்திருக்கிறோம் என்று அவருடைய ஆள் ஹெரால்ட் இக்கிஸ் மே 31-ல் மேசையில் சொல்லிவிட்டு வந்திருந்தார். அந்த உரிமையை அவர் பயன்படுத்தவே இல்லை.

---

ராலே வாசகன்

பல வருஷமாக வட கரோலினாவில் இருக்கிறேன். கட்சி பலவீனமானதா பலப்பட்டதா என்பதற்கு எங்கள் மாநிலமே சாட்சி.

அப்போது எங்கள் பிரைமரி மே மாதம். அதற்குள் எப்போதும் எல்லாம் முடிந்திருக்கும், ஜனாதிபதி வேட்பாளர் யாரும் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கமாட்டார்கள். 2008-ல் இரண்டு பேரும் ஊர் ஊராக ஆபீஸ் போட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான், முன்கூட்டி ஓட்டுப் போடும் இடத்திலேயே பெயரைப் பதிந்து அப்போதே ஓட்டுப் போடலாம் என்று எங்கள் மாநிலத்தில் சட்டம் வந்திருந்தது. இரண்டு தரப்பும் அதைப் பிடித்துக்கொண்டு கல்லூரி மாணவர்கள், கறுப்பினத் தேவாலயங்கள், புதிதாகக் குடியேறிய ஐடி குடும்பங்கள் என்று வீடு வீடாகப் பெயர் சேர்த்தார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரே சனிக்கிழமை காலையில் முதலில் ஹிலாரி ஆட்கள், ஒரு மணி நேரம் கழித்து ஒபாமா ஆட்கள் கதவைத் தட்டினார்கள். இரண்டு பேர் கையிலும் பதிவுப் படிவம். யாருக்குப் போடுகிறாய் என்று கேட்பதற்கு முன் பதிந்துவிட்டாயா என்றுதான் கேட்டார்கள்.

மே 6-ல் ஒபாமா 56க்கு 42 என்று இங்கே ஜெயித்தார். இண்டியானாவில் அதே நாள் ஹிலாரி ஒரு சதவீத வித்தியாசத்தில் தப்பினார். பிறகு நவம்பரில் என்ன ஆயிற்று? வட கரோலினாவை ஒபாமா சுமார் 14,000 ஓட்டில் பிடித்தார். 1976-க்குப் பிறகு அதுவரை ஜனநாயகக் கட்சி இங்கே ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்ததே இல்லை. இண்டியானாவில் 1964-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 14,000 ஓட்டு என்பது வசந்தகாலத்தில் அந்தப் படிவங்களில் சேர்ந்த பெயர்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய எண். மார்ச் கடைசியில் லேஹி சொன்னதைக் கேட்டு ஹிலாரி போயிருந்தால் அந்தப் பெயர்கள் சேர்ந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

---

கணக்குப்பிள்ளை

ராலே சார், இது வலுவான ஆதாரம். ஆனால் அந்த நவம்பரில் பொருளாதாரமும் சரிந்து கிடந்தது, செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கும் காற்று பின்னால் இருந்த வருஷம். 14,000 ஓட்டு எங்கிருந்து வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஹிலாரிக்குத் தனிப்பட்ட முறையில் ஆன செலவையும் பாருங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் தெரியவந்தது, சொந்தப் பணம் 50 லட்சம் டாலர் கடனாகப் போட்டிருந்தார். மே 6-க்கு மறுநாள் இன்னும் 64 லட்சம் என்றார்கள். மாநாடு முடிந்த பிறகு திரட்டும் நன்கொடையிலிருந்து வேட்பாளர் சொந்தக் கடனில் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் திரும்ப எடுக்கக் கூடாது என்று அப்போது சட்டம். 2022-ல்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தன் கடனை அவர் விட்டுக்கொடுத்தார். அச்சகம், விமானம், ஆலோசகர் என்று மற்றவர்களுக்கு வைத்த பாக்கியை அடைக்க 2012 கடைசி வரை ஆனது. ஜெயிக்கமாட்டோம் என்று தெரிந்த போட்டிக்குச் சின்ன வியாபாரிகளின் பில்லை நிலுவையில் வைத்து ஓடுவது சரியா?

---

சுகர்லேண்ட் மலர்

அந்தப் பாக்கி விஷயத்தில் தம்பி பக்கம்தான் நான். அச்சகக்காரர் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

---

நெய்தல்

நான் 2024-ஐக் கொஞ்சம் இழுக்கிறேன். குடியரசுக் கட்சிப் பிரைமரியில் நின்ற நிக்கி ஹேலி பிப்ரவரி 24-ல் சொந்த மாநிலமான தெற்கு கரோலினாவிலேயே டிரம்ப்பிடம் 60க்கு 40 என்ற அளவில் தோற்றார். அப்போதும் மார்ச் 5 சூப்பர் செவ்வாய் வரை நின்றார். அடுத்த பத்து நாளில் 21 மாநிலங்களும் பிரதேசங்களும் பேசப்போகின்றன, அவர்களுக்கு உண்மையான தேர்வு வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். வைகை சார் சொல்லும் அதே காரணம். ஆனால் குடியரசுக் கட்சியில் விதி வேறு. கலிஃபோர்னியாவில் 50 சதவீதம் தாண்டியவருக்கு 169 டெலிகேட்டும் மொத்தமாகப் போகும். பின்தங்கியவருக்கு மூச்சுவிட இடமே இல்லை. தலைநகரையும் வெர்மான்ட்டையும் ஜெயித்து மார்ச் 6-ல் நிறுத்திக்கொண்டார். அதற்கு இரண்டு மாதம் கழித்து இண்டியானாவில், போட்டியிலேயே இல்லாத அவருக்கு ஐந்தில் ஒருவர் ஓட்டுப் போட்டார்கள். அவர் இல்லாமல் போனதால் அந்த மக்களின் அதிருப்தி இல்லாமல் போகவில்லை.

ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் பெர்னி சாண்டர்ஸ் 2016-ல் கடைசி வரை நின்று வாங்கியது இன்னும் உருப்படியானது. கட்சிக் கொள்கை அறிக்கை வரைவுக் குழுவில் 15-ல் ஐந்து இடம். 2018-ல் சூப்பர் டெலிகேட்கள் முதல் சுற்றில் ஓட்டுப் போடக் கூடாது என்று வந்த மாற்றமும் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சிதான். 2016-ல் அவருக்கு எதிராக நின்றவர் ஹிலாரி, 2008-ல் சூப்பர் டெலிகேட்களை நம்பி நின்ற அதே ஹிலாரி.

---

கணக்குப்பிள்ளை

நான் கேட்பது ஒன்றுதான். மே 6 இரவு அரசியல் செய்தியாளர் டிம் ரஸ்ஸர்ட் டிவியில் வேட்பாளர் யார் என்று தெரிந்துவிட்டது என்றார். மறுநாள் ஹிலாரியின் நீண்டகால நண்பரும் கட்சியின் முன்னாள் ஜனாதிபதி வேட்பாளருமான ஜார்ஜ் மெக்கவர்னே ஒபாமா பக்கம் வந்தார், விலகச் சொன்னார். வைகை சார், அந்த நாளோடு நிறுத்தியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இண்டியானா, வட கரோலினா வேலை எல்லாம் அதற்குள் முடிந்துவிட்டதே.

---

வைகைக்கரை

கென்டக்கி, ஓரிகன் இருந்தன. ஆனால் நான் சொல்ல விரும்புவது புவேர்ட்டோ ரிக்கோ.

அங்கே இருப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ராணுவத்தில் சேர்கிறார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட். ஆனால் தீவில் வசிக்கும்வரை நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. நாட்டின் தலைவர் யார் என்பதில் அவர்கள் வாய்திறக்கக் கிடைக்கும் ஒரே இடம் பிரைமரிதான். அதுவும் வழக்கமாக முடிவு தெரிந்த பிறகு கடைசியில் வரும். 2008 ஜூன் 1-ல் முதல் தடவையாக இரண்டு பெரிய வேட்பாளர்கள் அவர்களுக்காக ஸ்பானிஷ் விளம்பரம் போட்டார்கள், தெருத்தெருவாக லாரியில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஹிலாரிக்கு 68, ஒபாமாவுக்கு 32. மே 7-ல் அவர் போயிருந்தால் நஷ்டம் இவர்களுக்கு. கட்சி அவர்களுக்குக் கொடுத்திருந்த 55 டெலிகேட், தெற்கு டகோட்டாவையும் மொன்டானாவையும் சேர்த்தால் வருவதைவிட அதிகம்.

---

கணக்குப்பிள்ளை

புவேர்ட்டோ ரிக்கோ வாதத்தை ஏற்கிறேன். ஆனால் அங்கே ஓட்டுப் போட வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு, தீவின் உள்ளூர்த் தேர்தல்களோடு பார்த்தால் மிகவும் சொற்பம். அவர்களும் முடிவு தெரிந்துதான் வீட்டில் இருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். என் நிலை மாறவில்லை. மார்ச் 4 வரை நின்றது சரி, பென்சில்வேனியா வரைகூடச் சரி. மே 7-க்குப் பிறகு நின்றதற்கு நீங்கள் சொல்லும் காரணம் நல்ல காரணம், ஆனால் அவர் மனதில் இருந்த காரணம் அதுதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

---

வைகைக்கரை

மனதில் இருந்ததை நாம் அளக்க முடியாது. நின்றதால் நடந்ததை அளக்கலாம்.

---

புதியவன்

எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. ஒரு சந்தேகம்: ஜூன் 7-ல் ஹிலாரி நிறுத்திக்கொண்ட பிறகு அவருக்காக ஜெயித்த டெலிகேட்கள் என்ன ஆனார்கள்? தானாக ஒபாமாவுக்குப் போய்விட்டார்களா?

---

பழைய பேப்பர்

இல்லை. பிரசாரத்தை நிறுத்திவைப்பதால் டெலிகேட்கள் கைமாறமாட்டார்கள், மாநாடு வரை அவருடையவர்களாகவே இருப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் டென்வர் மாநாட்டில் ஹிலாரியின் பெயரும் முறைப்படி முன்மொழியப்பட்டது. 27-ஆம் தேதி பகலில் அவர் தன் டெலிகேட்களைக் கூட்டி, நான் ஒபாமாவுக்குப் போட்டுவிட்டேன், நீங்கள் உங்கள் விருப்பப்படி போடலாம் என்று விடுவித்தார். பலர் முதல் சுற்றில் அவருக்கே போட்டார்கள். மாலையில் மாநிலம் மாநிலமாக எண்ணிக்கை வாசிக்கும்போது நியூ மெக்சிகோ தன் முறையை இல்லினாய்க்கு விட்டுக்கொடுத்தது. இல்லினாய் நியூயார்க்குக்கு விட்டுக்கொடுத்தது. நியூயார்க் குழுவோடு நின்ற ஹிலாரி, விதிகளை ஒதுக்கிவைத்து ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தலைமை வகித்த நான்சி பெலோசி அதைக் குரல் வாக்கெடுப்புக்கு விட்டு நிறைவேற்றினார்.